சூன் பாண் நானாவின் தேவதை

உலகத்தில் எழுத்தாளர்கள் இரண்டே வகை. அமைதி இருந்தால்தான் எழுத்து வரும் என்பவர்கள் ஒரு வகை. மற்ற வகையில் இருப்பவர் சூன் பாண் நானா மட்டும்தான்.

மாலையானால் 'சூன்' என்கிற பாட்டைப் போட்டுக்கொண்டு, பாண் ரொட்டி விற்கும் ஓட்டோ வருமே, தில்லையடியில் எங்கள் தெருவுக்கு அதை ஓட்டி வந்தவர் அவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது; அண்ணன் முறையில் எல்லோருக்கும் நானாதான். பணிஸ் என்கிற பன் வாங்க வரும் பிள்ளைகளுக்கு நாளுக்கோர் அத்தியாயமாக ஒரு தேவதைக் கதையும் சொல்வார். மினுமினு என்ற குட்டித் தேவதையின் மந்திர வாத்தியங்களைப் பூதம் திருடி, உப்பளத்தில் உப்புக் குவியலுக்குள் ஒளித்து வைத்துவிட்டது. எங்கள் தெருவில் மினுமினுவுக்கு றபான் கிடைத்த அன்றே அடுத்த தெருவில் புல்லாங்குழலும் கிடைத்துவிடும். பொறுக்க முடியாத பிள்ளைகள் அங்கே ஓடிப்போய் இன்னொரு பணிஸ் வாங்கினார்கள். நல்ல வியாபார மூளை என்று நினைத்தேன். எந்தத் தெருவில் எதுவரை சொன்னோம் என்பது அவருக்கு மறந்துபோவதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று யாரோ சொல்ல, ஒருநாள் என் வாசலில் வந்து நின்றார்.

"சேர், இத புத்தகமாப் போடோணும். நான் வாயால செல்லுறேன், நீங்க எழுதித் தாங்க."

"உள்ள வந்து இருங்கோ நானா."

"ஏலா சேர். பாட்டு ஓடினாத்தான் கதை வரும். ஊட்டுல போட்டுப் பாத்தேன், பொண்டாட்டி உம்மா ஊட்டுக்குப் போயிட்டா."

ஆகவே வாசலில் ஓட்டோ பாட, நான் கதிரை போட்டு எழுதினேன். பாட்டைக் கேட்டு, மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கத் தெருவே பையோடு வந்தது. நானாவின் வாயில் வந்ததையெல்லாம் நானும் எழுதிவிட்டேன்: 'மினுமினு கண்ணீரோடு புல்லாங்குழலை எடுத்து, மாலு பணிஸ் முடிஞ்சிது ராத்தா, நாளைக்கு வாங்க.' வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் அந்த இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதை வெட்டக் கூடாது என்று நானா பிடிவாதமாக நின்றார்.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருந்தபோது மழை கொட்டி, ஒலிபெருக்கிக்குள் தண்ணீர் போய்ப் பாட்டு நின்றுவிட்டது. அதோடு பேக்கரி முதலாளி அவரைச் சிலாபம் பக்கம் மாற்றிவிட்டார். எங்கள் தெருவில் அதுதான் அவருக்குக் கடைசி நாள். மினுமினுவோ உப்பளத்தை ஒட்டிய களப்பு நீரின் நடுவே பூதத்தின் பிடியில். நானா வானத்தைப் பார்த்தார், பாணைப் பார்த்தார், பாட்டில்லாமல் கதை நகரவில்லை. கண் கலங்கிவிட்டது.

"உடுங்க சேர். அந்தப் புள்ள பூதத்துட்டயே ஈக்கட்டும்."

பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். ஒருத்தி மெதுவாக, "டிங் டிடிங்" என்று அந்தப் பாட்டை வாயாலேயே தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்தார்கள். பாட்டுக் கேட்டுப் பையோடு ஓடிவந்த எதிர்வீட்டு ராத்தா, விஷயம் தெரிந்ததும் பாணை மறந்து பாடினார். எனக்கும் மனம் தாங்கவில்லை, பாடினேன். நானா கண்ணை மூடினார்.

"எழுதுங்க சேர்."

கடைசி வாத்தியத்தைப் பூதம் உடைத்துவிட, தெருப் பிள்ளைகள் வாயாலேயே வாசித்து மினுமினுவை மீட்டார்கள். 'பாடியவர்களில் ஒருவருக்கு மட்டும் சுருதி சேரவே இல்லை. பூதம் ஓடியது அவருக்குப் பயந்துதான்' என்று கதையை முடித்தார். அந்த வரியை என் கையாலேயே எழுத வைத்தார். புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

இப்போது எங்கள் தெருவுக்கு வேறொருவர் அதே பாட்டோடு வருகிறார். கேட்டதும் வீட்டில் எல்லோரும் பையைத் தேடுகிறார்கள். நான் இன்னும் பேனையைத்தான் தேடுகிறேன்.