நல்ல நித்திரைக்காரிகள்

பியாட்றிஸ் மிஸ் ரோச் லைட்டை அடித்து மணி பார்த்தார். பத்தரை. மணிக்கூட்டைத் திரும்பத் தலையணைக்கருகில் வைப்பதற்குள் பக்கத்துக் கட்டிலில் தயாளினி குறட்டையைத் தொடங்கினாள். அது போதாதென்று மேல் தட்டுக் கட்டிலில் நிரோஜினியும் சேர்ந்துகொண்டாள்.

கப்பல் காங்கேசன்துறையை விட்டு ஐந்து மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. எங்கும் இறங்காமல், கடலிலேயே மூன்று இரவு சுற்றித் திரும்பும் உல்லாசப் பயணம். பெயர்தான் உல்லாசம். கபினுக்குள் ஒருத்தி நடந்தால் மற்ற இரண்டு பேரும் காலை மடக்கவேண்டும்.

யாருடைய குறட்டை பெரிது என்று அறிய மிஸ் எழும்பிப் போய் இரண்டு முகத்துக்கும் ரோச் அடித்தார். இரண்டு குறட்டையும் ஒரு பிடி கூடின.

நித்திரையான முகங்களைப் பார்ப்பது மிஸ்ஸுக்குப் புதிதல்ல. முப்பத்தொரு வருடம் பெண்கள் விடுதி ஒன்றில் பொறுப்பாளராக, மேற்றனாக இருந்தவர். பத்து மணிக்கு விளக்கணைத்தால் பத்தேகாலுக்கு ரோச்சோடு ஒரு சுற்று வருவார். விழித்திருந்து அகப்படுகிறவள் விறாந்தையில் நின்று நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதத்தை முழுக்கச் சொல்லவேண்டும். வேதாகமத்திலேயே நீளமான சங்கீதம் அதுதான். ஆனால் அகப்பட்டவர்கள் மிகக் குறைவு. "என்ரை பிள்ளையள் நல்ல நித்திரைக்காரியள்" என்று பாதிரியார்களிடம்கூடப் பெருமையடித்திருக்கிறார்.

தயாளினியும் நிரோஜினியும் அந்த விடுதியில் வளர்ந்தவர்கள். ஐம்பதைத் தாண்டியும், மிஸ் உள்ளே வந்தால் இப்போதும் எழும்பித்தான் நிற்பார்கள்.

இந்தப் பயணம் சும்மா பொழுதுபோக்குக்கு அல்ல. மிஸ் கொழும்புத்துறையில் குடியிருந்த வீட்டுக்கு லண்டனிலிருந்து சொந்தக்காரர் திரும்பி வருகிறார். மாதக் கடைசிக்குள் வெளிக்கிட வேண்டும். தம்பி மகன் றிச்சர்ட் ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்து வைத்துவிட்டான். அதைக் கேள்விப்பட்டுத்தான் தயாளினி ஓடிவந்தாள்.

"மிஸ், நல்லூரிலை என்ரை வீட்டிலை மூண்டு அறை சும்மா கிடக்கு. அவரும் போய்ச் சேந்திட்டார், மகள் லவீனாவும் கலியாணம் முடிச்சுப் போகப்போறாள். நிரோவும் வாறாளாம். நீங்களும் வாங்கோ. மூண்டு பேருமாய் இருப்பம்."

மிஸ்ஸுக்கு அப்போதே பெட்டி கட்டவேண்டும் போலிருந்தது. என்றாலும் உடனே ஓம் என்று சொன்னால் மதிப்புக் குறைந்துவிடாதா? "ஒரு பயணம் போய்ப் பாப்பம். ஒத்து வருதோ எண்டு தெரியும்" என்று சொல்லிவிட்டார். வீடு உண்மையிலேயே அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் மிஞ்சிய காலம் முழுக்க நித்திரையில்லாமல் இருக்க எழுபத்தொரு வயது உடம்பால் முடியுமா?

முகத்துக்கு நேரே "நீ குறட்டை விடுறாய்" என்று சொல்லலாம்தான். ஆனால் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்வது பண்பல்ல என்று அவர்களுக்குப் படிப்பித்தவரே அவர்தான்.

முதலாம் இரவு காதுக்குள் பஞ்சை அடைத்தார். சத்தம் நின்றது. குறட்டைதான் நின்றதா, பஞ்சுதான் மறைக்கிறதா என்ற சந்தேகம் வந்தது. பஞ்சை எடுத்துவிட்டு, ரோச்சை அடித்துக்கொண்டு கிட்டப் போனார். நிற்கவில்லை, நன்றாக நடந்துகொண்டிருந்தது.

சரித்துப் படுக்கவைத்தால் குறட்டை நிற்கும் என்பார்கள். தயாளினியின் தோளில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். தயாளினி உடனே திரும்பிப் படுத்து, போர்வையையும் நேராக்கிக்கொண்டு, வேறு சுருதியில் தொடங்கினாள்.

நித்திரையிலும் சொல்லுக் கேட்கும் பிள்ளை என்று மிஸ் உருகிப்போனார். உருகி என்ன, நித்திரை வரவில்லை.

விடிய, சாப்பாட்டு மண்டபத்தில் இரண்டு பேரும் சிவந்த கண்ணோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நித்திரை எப்பிடிப் பிள்ளையள்?"

"நல்ல நித்திரை மிஸ்!" இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

குறட்டை விடுகிறவர்களுக்கு எவ்வளவு படுத்தாலும் களைப்புத் தீராது என்று மிஸ் எங்கோ வாசித்திருந்தார். பாவங்கள் என்று நினைத்துக்கொண்டார். பத்து மணியளவில் மேல் தளத்துச் சாய்மனைக் கதிரைகளில் இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி நித்திரையாகிப் போனார்கள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. கடற்காற்று குறட்டையை அள்ளிக்கொண்டு போகிறதாக்கும்.

அன்று மத்தியானம் கபின் துப்புரவாக்கும் சுபாஸைப் பிடித்தார். சுன்னாகத்துக்காரன்.

"தம்பி, வேறை கபின் ஏதும் கிடக்கோ?"

"எல்லாம் நிரம்பிப்போச்சு அன்ரி. என்ன பிரச்சினை?"

"குறட்டை" என்றார் மிஸ் மெதுவாக.

"அதுக்கு என்ரை அம்மா வேர்க்கொம்புச் சுக்குப் போட்ட மல்லித்தண்ணிதான் குடுப்பா. மூக்குக்குத் தைலமும் பூசிவிடுவா. நான் குசினியிலை கேட்டு வாங்கியாறன்."

பெரிய போத்தல் நிறைய மல்லித்தண்ணி வந்தது. "சளிக்கு நல்லது, குடியுங்கோ" என்று மிஸ் நீட்ட, இருவரும் ஏனென்று கேட்காமல் ஆளுக்கு இரண்டு குவளை குடித்தார்கள். தைலத்துக்கும் மூக்கைக் காட்டினார்கள்.

இரண்டாம் இரவு மல்லித்தண்ணி தன் வேலையைக் காட்டியது. ஒருத்தி மாறி ஒருத்தி கழிவறைக்குப் போனார்கள். இருட்டில் விழுந்துவிடக் கூடாதே என்று மிஸ் ஒவ்வொரு தடவையும் எழும்பி ரோச் அடித்தார். கட்டிலில் ஏறிய கையோடு குறட்டை தொடங்கியது. தைலத்தால் மூக்கு ஒழுகியதில் இப்போது அதற்குள் ஒரு விசிலும் சேர்ந்திருந்தது.

மூன்றாம் இரவு மிஸ்ஸின் பொறுமை போய்விட்டது. போர்வையையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு வெளி நடையில் இருந்த கதிரையில் போய்க் குந்தினார். கபின் கதவுக்கு இந்தப் பக்கம் குண்டூசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. எவ்வளவு நல்ல கதவு! நல்லூர் வீட்டுக்கும் இப்படி ஒரு கதவு போட்டால் என்ன என்று ஒரு கணம் ஆசைப்பட்டார்.

பத்து நிமிடம் போயிருக்காது, காவலாளி வந்து இங்கே படுக்கக் கூடாது என்று கையைக் காட்டினான். மிஸ் கதவைத் திறந்தார். ரோச் வெளிச்சம் உள்ளே போனதுதான் தாமதம், இரண்டு குறட்டையும் எழும்பி அவரை வரவேற்றன.

கட்டில் விளிம்பில் குந்திக்கொண்டு மிஸ் கொஞ்ச நேரம் அழுதார். குறட்டைக்காக அல்ல. இல்லத்து அறையை றிச்சர்ட் போனில் படம் பிடித்துக் காட்டியிருந்தான். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, சுவரைப் பார்த்த ஒரு யன்னல். அங்கே குறட்டை விடவும் ஒருவரும் இருக்கப்போவதில்லை.

காலையில் காங்கேசன்துறையில் இறங்கினார்கள். தயாளினியின் மகள் லவீனா வான் வண்டியோடு வந்து நின்றாள். மூன்று நாளும் கடலில் சிக்னல் இல்லாததால் தாயின் சத்தமே கேட்கவில்லை என்று குறைப்பட்டாள். பிறகு பெட்டிகளை ஏற்றிவிட்டு, கையில் போனை வைத்து எதையோ வாசித்து வாசித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

மிஸ் வானில் ஏறவில்லை.

"தயா, நிரோ, நான் ஒரு முடிவு எடுத்திட்டன். நான் இல்லத்துக்கே போறன்."

தயாளினியின் முகம் வாடிப்போனது. "ஏன் மிஸ்? நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

"பிழை ஒண்டுமில்லைப் பிள்ளை. நீங்கள் தங்கமான பிள்ளையள்."

"அப்ப ஏன் மிஸ் வரமாட்டன் எண்டுறியள்?" நிரோஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. "அறையளைக்கூட நாங்கள் பங்கு போட்டு வைச்சிட்டம். கிணத்துப் பக்கம் பாத்த அறை உங்களுக்கு."

கிணற்றுப் பக்கம் என்றதும் மிஸ் வான் கதவைப் பிடித்துக்கொண்டார். இனிப் பண்பு பார்த்துப் பயனில்லை.

"கோவிக்காதேங்கோ. மூண்டு இரவும் நான் ஒரு கண் மூடேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் அப்பிடிக் குறட்டை விடுறியள்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தலையைக் குனிந்தார்கள். நிரோஜினியின் இரண்டு கையும் தன்பாட்டில் முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

லவீனா மட்டும் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்:

"குறட்டையோ மிஸ்? கடலிலை போகாமல் கிடந்த அம்மாவின்ரை மெசேஜ் நாப்பதும் இப்பத்தான் ஒண்டாய் வந்து விழுந்தது, எல்லாத்திலையும் ஒரே கதைதான்: 'மிஸ் திரும்பவும் ரோச்சோடை வாறா, சங்கீதம் சொல்ல ஏலாது, நானும் நிரோவும் ஹொஸ்டலிலை எல்லாரும் செய்த மாதிரியே குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறம்!'"