ஓட்டையில்லாப் பரிசல்

ஏழு கடல், ஏழு மலை என்றெல்லாம் அளக்க வேண்டியதில்லை. ஓர் ஆற்றைத் தாண்டினால் போதும், சொல்வளநாடு வந்துவிடும். அந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு. பஞ்சம் வந்தால் அதற்கு ஒரு பாட்டு; பஞ்சமே வரவில்லை என்று அரசு அறிவித்தால் அதற்கும் ஒரு பாட்டு. ஆற்றுக்குப் பாலம் மட்டும் இல்லை. அடிக்கல் இருந்தது. பட்டத்துக்கு வந்த ஒவ்வொரு மன்னரும் தம் பங்குக்கு ஒன்று நட்டிருந்தார். துணி துவைக்க நல்ல வசதி.

பாலம் இல்லாததால் வேம்பாயிக்குப் பிழைப்பு இருந்தது. மூங்கிலைப் பின்னி, தண்ணீர் புகாமல் அடியில் கீல் பூசிய பரிசல் ஒன்று அவளுக்குச் சொந்தம். புருஷன் போனபின் அவள் சொந்தம் என்று நினைத்தது அது ஒன்றைத்தான். கரையிலிருந்து கரைக்கு ஆளுக்கு ஒரு செம்புக்காசு. காசு இல்லாதவர்களைத் திட்டிக்கொண்டே ஏற்றிக்கொள்வாள்.

இப்படி இருக்கையில், அயல்நாடுகளின் நவீன நிதிமுறைகளை ஆராயப் போயிருந்த நிதியமைச்சர் தத்துவசீலர், மூன்று மழைக்காலம் கழித்து, உடம்பு நன்றாகத் தேறித் திரும்பி வந்தார். அங்கெல்லாம் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று சபையில் விளக்கினார். அதைக் கையால் தொட முடியாதாம். எந்தக் கஜானாவிலும் அது கிடையாதாம். யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்ற கணக்கை ஊரே சேர்ந்து வைத்துக்கொள்ளுமாம். ஒவ்வொரு கணக்கும் முந்தின கணக்கோடு சங்கிலிபோலக் கோக்கப்பட்டிருப்பதால், நடுவில் ஒன்றைத் திருத்தினால் அத்தனையும் அறுந்து காட்டிக்கொடுத்துவிடுமாம்.

மன்னர் அகண்டபூபதி நெடுநேரம் யோசித்தார். சபை பயந்தது, அவர் யோசித்து அதுவரை நல்லது நடந்ததில்லை.

"சங்கிலி நமக்கு எதற்கு, அமைச்சரே? நம்மிடம்தான் அந்தாதி இருக்கிறதே."

சபை எழுந்து நின்று கைதட்டியது. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அதே சொல்லில் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும். ஒரு வரியைத் திருத்தினால் மாலையே குலைந்துவிடும். அயல்நாட்டான் இரும்பில் செய்ததை நம் முன்னோர் எதுகையில் செய்துவிட்டார்கள் என்று அமைச்சர் கண் கலங்கினார்.

மறுநாள் தண்டோரா போட்டார்கள். செம்புக்காசு செல்லாது. எல்லாரும் அதை அரண்மனையில் ஒப்படைத்துவிட்டு, ஈடாக வாய்க்காசு பெற்றுக்கொள்ள வேண்டும். வாய்க்காசு கையில் இருக்காது, பையில் இருக்காது. ஊரார் வாயில் இருக்கும். ஒவ்வொரு விற்பனையும் அந்தாதியில் ஓர் அடியாகச் சேரும். தினமும் விடிந்ததும் குடிமக்கள் ஆற்றங்கரைச் சதுக்கத்தில் கூடி, முதல் அடியிலிருந்து ஒப்பிக்க வேண்டும். தகராறு வந்தால், பாதிக்கு மேற்பட்ட வாய்கள் எதைச் சொல்கின்றனவோ அதுவே உண்மை.

வேம்பாயி தன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே அரண்மனை வாசலில் அமைச்சரிடம் கேட்டாள். "காசே வேண்டாம்னுட்டு, எங்க காசை எதுக்குங்கய்யா வாங்கி வெக்கிறீங்க?"

"அழிப்பதற்கு, அம்மா. பத்திரமாக அழிப்பதற்கு."

முதல் மாதம் பாட்டு இனிமையாகத்தான் இருந்தது.

*சந்தையிலே கத்தரிக்காய் சாத்தன் கொண்டான்;*
*கொண்டானிடம் பூசணிக்காய் கோதை விற்றாள்.*

அடிகளைக் கட்டப் புலவர்கள் வேண்டுமே. அதற்கு இரண்டாவது ஆணை வந்தது. ஒரு விற்பனை நடந்தால் நாட்டுப் புலவர்கள் எல்லாரும் போட்டியில் உட்காரலாம். தளை தட்டாமல் முதலில் முடிப்பவருக்குப் புதிதாகப் பிறக்கும் வாய்க்காசு சொந்தம். மற்றவர்களின் பாட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். உழவர்களும் குயவர்களும் தொழிலை விட்டுவிட்டுப் புலவர்களானார்கள். ஒரு பூசணிக்காய் கைமாறியதற்கு ஊர் முழுக்க விளக்கெரிந்தது. பூசணிக்காயின் விலையைவிட அதைப் பாடிய எண்ணெயின் விலை அதிகமானது. எண்ணெய் தீர்ந்தபோது, வீட்டு விளக்குகளை அணைத்து எண்ணெயைப் புலவர் கூடத்துக்கு அனுப்பச் சொல்லி மூன்றாவது ஆணை வந்தது. குழந்தைகள் இருட்டில் தடுக்கி விழுவதாகப் புகார் போனதற்கு, இருள் என்பது வளர்ச்சியின் நிழல் என்று அமைச்சர் பதில் எழுதினார்.

வேம்பாயியின் கொழுந்தன் சடையன் தன் ஆடுகளை எல்லாம் விற்று வாய்க்காசாக்கினான். காலையில் அவனிடம் இருந்த காசுக்கு மாடிவீடு வாங்கலாம். சாயங்காலம் அதே காசுக்கு ஒரு கத்தரிக்காய், அதுவும் சொத்தை. நடுவில் மத்தியான வேளையில் அவன் யாரையும் மதிக்க மாட்டான்.

"ஒரு ஆட்டையாவது வெச்சிருக்கலாமில்ல?" என்றாள் வேம்பாயி.

"உங்களுக்கு இது புரியாது அண்ணி. கீழ போகும், அப்புறம் மேல போகும்."

"ஆடு மேலயும் போகாது கீழயும் போகாது. பால் குடுக்கும்."

அதற்குள் அந்தாதி வளர்ந்துவிட்டது. விடியலில் தொடங்கினால் உச்சிப்பொழுதில் முடிந்தது. பிறகு பொழுது சாய முடிந்தது. பழைய விற்பனைகளை ஒப்பிப்பதிலேயே பகல் போய்விட்டதால் புதிதாக விற்க ஒருவருக்கும் நேரமில்லை. விலைவாசி அசையாமல் நிற்கிறது என்று அரசு பெருமைப்பட்டது. ஆற்றைக் கடக்கவும் ஆளில்லை. வேம்பாயியின் அடுப்பு இரண்டு நாளாக எரியவில்லை.

அப்போதுதான் அமைச்சரின் மைத்துனர் பூவராகனுக்கு மக்கள் மேல் இரக்கம் பிறந்தது. ஒப்பிக்கும் வாய்கள் வாடக்கூடாது என்று சதுக்கத்தில் வாய் ஒன்றுக்கு ஒரு புளிச்சோற்றுப் பொட்டலம் கொடுத்தார். வேம்பாயியும் வாங்கினாள். முதல் கவளத்தை வாயில் அடைத்துக்கொண்ட நேரம் பார்த்து, தலைமைப் புலவர் புது அடி ஒன்றை எடுத்துவிட்டார்.

*விற்றாள்வேம் பாயியவள் ஓட்டை யில்லாப்*
*பரிசலினைப் பூவராகர் கையில் இன்றே.*

பொட்டலம் வாங்கிய வாய்கள் அதைத் திருப்பிச் சொல்லின. அடி சொல்லும்போதே மறுக்க வேண்டும் என்பது விதி. வேம்பாயி எழுந்து கையை ஆட்டினாள்; வாயில் புளிச்சோறு. அதை விழுங்கி முடிப்பதற்குள் 'இன்றே' என்று அடுத்த அடி தொடங்கி, மாலை கோத்தாகிவிட்டது. வாயில் அரசுச் சோறு இருப்பவர் ஆட்சேபிப்பதாகக் கொள்ள இயலாது என்று தலைமைப் புலவர் தீர்ப்பளித்தார்.

"பரிசலை நான் விக்கலீங்கய்யா. அதோ கட்டிக் கெடக்கு, என் கயித்துல. போய்த் தொட்டுப் பாருங்க."

"தொட்டுப் பார்ப்பதெல்லாம் பழைய முறை, அம்மா" என்றார் அமைச்சர் கனிவாக.

சடையனும் அந்த அடியைப் பாடியிருந்தான். அவன் அன்று முழுக்க அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

பூவராகனுக்குத் துடுப்புப் போடத் தெரியாது. ஆகவே அவள் பரிசலிலேயே அவளைக் கூலிக்கு அமர்த்தினார். மழைக்குமுன் கீல் பூச வேண்டும், அடியில் விரல் நுழைகிற ஓட்டை விழுந்திருக்கிறது என்று அவள் போய்ச் சொன்னாள். அவர் புலவர்களைக் கலந்துகொண்டு முடிவு சொன்னார். அந்தாதியில் ஓட்டையில்லாப் பரிசல் என்று இருக்கிறது. அந்தாதியைத் திருத்த முடியாது. எனவே ஓட்டை இல்லை. கீல் வாங்குவது வீண்செலவு. வேம்பாயி ஓட்டையில் துணியை அடைத்துக்கொண்டு ஓட்டினாள்.

ஒருநாள், ஊரே சதுக்கத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, தத்துவசீலரும் பூவராகனும் கரைக்கு வந்தார்கள். அடுத்த ஆய்வுப் பயணமாம். பின்னால் காவலர்கள் மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்தார்கள். மூட்டைகள் கலகலவென்று பேசின. பத்திரமாக அழிக்கப்பட்ட செம்புக்காசின் குரலை வேம்பாயிக்குத் தெரியாதா?

"பாரம் தாங்காதுங்கய்யா. ஓட்டை இருக்கு."

"எந்தப் பாட்டில்?" என்றார் பூவராகன்.

காவலர்கள் மூட்டைகளை ஏற்றிவிட்டுத் திரும்பிப் போனார்கள். வேம்பாயி துடுப்பை எடுத்தாள்.

நட்டாற்றில் அடைப்புத் துணி பிய்த்துக்கொண்டு போனது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோது அமைச்சர் அதைக் கவனிக்கவில்லை; முழங்காலுக்கு வந்தபோது கவனத்தில் கொள்வதாகச் சொன்னார். இடுப்புக்கு வந்ததும் கரையைப் பார்த்து, "மூழ்குகிறோம்" என்று கத்தினார். சதுக்கத்தில் சரியாக அந்த அடி வந்திருந்தது. *ஓட்டை யில்லாப் பரிசலினை* என்று ஊரே முழங்கியது. சிலர் ஆற்றைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டேதான் பாடினார்கள்.

"ரெண்டு வாய் பத்தாதுங்கய்யா" என்றபடி வேம்பாயி தண்ணீரில் குதித்தாள்.

மூட்டைகள் ஆற்றின் அடிக்குப் போயின. பாரம் போனதும் பரிசல் கவிழ்ந்து ஆமை ஓடுபோல மிதந்தது. நடு ஆற்றில் முங்கிக் கிடந்த மணல்திட்டின் மேல் கழுத்தளவு நீரில் மைத்துனர்கள் இருவரும் நின்றார்கள். அவள் பரிசலைத் தள்ளிக்கொண்டு நீந்திக் கரையேறி, அதைத் தலைகுப்புறக் காயவைத்தாள். சடையன் கடனுக்குக் கீல் வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். தானே ஓரத்திலிருந்து பூச ஆரம்பித்தான்; துணி பிய்த்துக்கொண்டு போனதில் கை நுழைய விரிந்திருந்த ஓட்டையை மட்டும் அவள் அன்று பூசவிடவில்லை.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள், இது பூவராகனாரின் பரிசல் அல்லவா என்று கேட்டுக்கொண்டு.

"அவரோடதுக்குத்தான் ஓட்டையே கெடையாதுங்களே" என்றாள் வேம்பாயி. "இதைப் பாருங்க. உங்க கையே போகும்."

அதிகாரி கையை விட்டுப் பார்த்தார். போயிற்று. அவர்கள் கூடிப் பேசி அறிக்கை எழுதினார்கள். ஓட்டையில்லாப் பரிசல் அமைச்சரைச் சுமந்து அக்கரை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. ஓட்டையுள்ள இந்தப் பொருள் அந்தாதியில் எங்கும் இல்லாததால், இதன் மேல் அரசுக்கு எந்த உரிமையும் இல்லை.

மணல்திட்டிலிருந்து சிலநாள் சத்தம் கேட்டது என்கிறார்கள். கேட்கவில்லை என்பவர்கள் அதிகம். அமைச்சர் இன்றும் பயணத்தில்தான் இருக்கிறார். பயணப்படி மாதாமாதம் வீட்டுக்குப் போகிறது.

புது அமைச்சர் பதவியேற்றதும் முதல் அறிவிப்பு செய்தார். இனிமேல் பொட்டலத்தில் முட்டையும் உண்டு. ஊர் விடியுமுன்பே சதுக்கத்தில் இடம்பிடிக்க ஓடியது. வேம்பாயியும் போனாள். போகுமுன் வீட்டிலேயே ஒரு சொம்புக் கஞ்சி குடித்து, வாயைக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டு போனாள்.