மூன்று தடவை ஆடிய கார்

ரெம்பியாவில் இருக்கும் மாப்பிள்ளை புவனேந்திரன் அவர்களுக்கு, புக்கிட் பெருவாங்கிலிருந்து மாமா தங்கராஜு ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை ஜெயாவும் நலம். காரும் நலம். அங்கு நீங்களும், என் மகள் ஷாமினியும், அவள் வயிற்றில் இருக்கும் ஏழு மாதப் பிள்ளையும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஷாமினி உங்கள் போனை எடுத்துப் படித்துவிடுவாள் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்ததும், பெண்ணைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகக் காரைத் திருப்பித் தயாராக நிறுத்தியிருந்தேன். நீங்கள் நேராக வந்து முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிக் கையை எடுத்தீர்கள். கார் மூன்று தடவை ஆடியது. "ஒரு தடவ ஆடி நிக்கணும் மாமா. அப்சார்பர் போச்சு. இதுல ஷாமினிய அனுப்ப முடியாதுலா" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டீர்கள். கை கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்களே உங்கள் காரில் கொண்டுவந்து விடுவதாகவும் சொன்னீர்கள். தாய்வீட்டார் வந்து கூட்டிப்போவதுதான் முறை, மாப்பிள்ளை. நீங்கள் கொண்டுவந்து இறக்கினால், ஏதோ சண்டை என்று பக்கத்து வீட்டுக் கோமளா ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள். ஆகவே மகளைக் கூட்டிவரப் போன நாங்கள் காலிப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

நான் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் முப்பத்தோரு வருடம் பம்ப் பழுது பார்த்தவன். சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வேன். என் காரின் சத்தம் எனக்குத் தெரியாதா? அன்று காலை டுரியான் துங்கால் தாண்டியதும் பின்னால் கலகலவென்று கேட்டது. "என்னங்க, கார்ல என்னமோ ஆடுது" என்றாள் உங்கள் அத்தை. "ஒன் வளையல் பெட்டிதான் ஆடுது, பேசாம வா" என்றேன். ஒவ்வொரு மேட்டிலும் வளையல்கள் மங்களகரமாகக் குலுங்கின. உங்கள் வாசலில் பெட்டியைத் திறந்தால் ஏழு டஜன் கண்ணாடி வளையலில் மூன்று டஜன் தூள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியை வைத்து ஒப்பேற்றியது இன்றுவரை உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. புளிச்சாதமும் தேங்காய்ச்சாதமும் எலுமிச்சைச்சாதமும் மூடி கழன்று ஒன்றாகிப் போயிருந்தன. அதை உங்கள் பெரியப்பா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

இதெல்லாம் ரோட்டின் குற்றம். முன்சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் கசிகிறது என்று படம் எடுத்துக் காட்டினீர்கள். முதல் நாள் மழை பெய்திருந்தது. டயர் உள்பக்கம் தேய்ந்திருக்கிறது என்றீர்கள். வெளிப்பக்கம் நன்றாக இருப்பதை ஏன் சொல்லவில்லை? ஸ்டீரிங் இடது பக்கம் இழுப்பது உண்மைதான். நான் வலது பக்கம் இழுத்துக்கொள்கிறேன்.

ஒன்றுதான் மனதில் குத்திக்கொண்டே இருக்கிறது. உடையாத பொருளை எதற்கு மாற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். "ஒங்க பிளான்ட்ல பம்ப் வெடிச்ச பெறகுதான் சீல் மாத்துவீங்களா மாமா?" என்று திருப்பிக் கேட்டீர்கள். இல்லை, நாள் கணக்கு வைத்து முன்கூட்டியே மாற்றுவோம். ஆனால் அது கம்பெனி பம்ப், இது என் கார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. என்ன வித்தியாசம் என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, இந்தக் காரில் ஒரு கோளாறும் இல்லை, ஒரு சாமானையும் மாற்றப் போவதில்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன். சனிக்கிழமை இதே காரில் வருவேன். பெண்ணை அனுப்பிவைக்கவும். உங்கள் அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் என் வணக்கம். நீங்களும் ஷாமினியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா தங்கராஜு

பின்குறிப்பு: இதுவரை எழுதியது ஒர்க்ஷாப் பெஞ்சில் உட்கார்ந்துதான். அத்தை நான்கு நாளாக என்னிடம் பேசவில்லை, அதனால் வந்தேன். காரில் ஒன்றுமில்லை என்று மெக்கானிக் மிக்கேல்ராஜ் சொல்வார், அதையும் சேர்த்து அனுப்பலாம் என்று இருந்தேன். அவர் கழற்றிய சாமான்களைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். ரப்பர் புஷ் கையிலேயே உதிர்ந்தது. சக்கரத்தைப் பிடித்து நிற்கும் பால் ஜாயின்ட்டை இரண்டு விரலால் ஆட்ட முடிந்தது. "அங்கிள், இது கழண்டா சக்கரம் மடங்கிரும். வண்டி எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது" என்றார். அதை மறுபடியும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன், மாப்பிள்ளை. இதில்தான் என் பிள்ளையை ஏற்ற நின்றேன். நீங்கள் அனுப்பாதது நல்லது.

எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. புதிதாக மூன்று டஜன் வளையல் வாங்கிப் பின்சீட்டில் வைத்து டுரியான் துங்கால் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. காரில் ஒரு சத்தமும் இல்லை, அத்தை மட்டும் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தாள். நான் முன்பக்கத்தைப் பதினைந்து முறை அமுக்கிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை ஆடி நிற்கிறது. சனிக்கிழமை நீங்களும் எல்லார் முன்னாலும் அமுக்கிப் பாருங்கள். பிறகு என் மகளை அனுப்புங்கள்.