ரிவர்ஸ் கியரும் ஞானையா சார் வீட்டு கேட்டும்

'டமார்' என்று சத்தம் கேட்டபோது தசரதன் காரை நிறுத்தவில்லை. கேட்டில் மோதிக் காரே நின்றது.

எதிர் வீட்டு ஞானையா சார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கோபம் வந்தாலும் குரலை உயர்த்தமாட்டார். அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

"தசரதன், இந்த வாரத்துல இது ரெண்டாவது தடவை. என் கேட் மேல உங்களுக்கு என்ன வருத்தம்?"

"ஐயோ சார், ரிவர்ஸ் போட்டா பின்னாடி காட்டுமே ஒரு ஸ்க்ரீன், அது இருட்டாயிடுச்சு சார். ஒண்ணுமே தெரியல."

"கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாமே?"

தசரதன் கழுத்தில் மாட்டியிருந்த பெல்ட்டைத் தொட்டுக் காட்டினார். எலும்புத் தேய்மானம். திரும்பவும் முடியாது, குனியவும் முடியாது. செம்பாக்கத்தின் அந்த முட்டுச்சந்திலிருந்து காரை வெளியே எடுக்க அந்த ஸ்க்ரீனை விட்டால் அவருக்கு வேறு கதி இல்லை.

தெருவிலேயே முதல் எலெக்ட்ரிக் கார் அது. வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. "பெட்ரோல் பங்க்ல க்யூவுல நிக்கிறதெல்லாம் உங்களோட போவட்டும்" என்று மச்சான் குமரேசனைச் சீண்டாத நாள் இல்லை. அந்தக் காரே இப்போது மானத்தை வாங்குகிறது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் மனைவி பொன்னியம்மாள். "போன மாசம் ஞானையா சார் வண்டியச் சுத்திச் சுத்தி வந்து, இன்னும் புதுசு மாதிரியே கீதேன்னாரு. அன்னிக்குப் புடிச்சது."

"அவரு நல்ல மனுசன்டி."

"மனுசன் நல்லவருதான். கண்ணு?"

அன்று சாயங்காலமே முன் பம்பரில் ஒரு எலுமிச்சம்பழமும் நாலைந்து பச்சை மிளகாயும் தொங்கின.

தசரதனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அவருடைய நம்பிக்கை அஸ்தினாபுரம் கதிரேசன் மேல். கார் ஆடியோ கடைக்காரன். வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஸ்க்ரீனை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னா சார் இது, டைனோசர் காலத்து கம்ப்யூட்டரா கீது. இத வெச்சிகினு எப்டி ஓட்னீங்கோ? தூக்கிட்டுப் புதுசு போட்டுடலாம். பெரிய ஸ்க்ரீன், பேசும், பாடும்."

"பின்னாடி தெரியுமா?"

"மகாபலிபுரமே தெரியும் சார்."

மத்தியானத்துக்குள் டாஷ்போர்டில் காலண்டர் அளவுக்கு ஒரு ஸ்க்ரீன் ஏறிவிட்டது. ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார்கள். பெரிய இருட்டாகத் தெரிந்தது. கதிரேசன் வண்டியின் பின்னால் போய்க் கேமராவைக் கழற்றி எடுத்து வந்தான்.

"லென்ஸே கருகிப் போயிருக்குது சார்! எரிஞ்சிருக்கும். நல்லவேளை, இத்தோட போச்சு."

எரிஞ்சிருக்கும் என்றதுமே தசரதன் சீட்டிலிருந்து இறங்கிவிட்டார். உட்கார்ந்திருந்தது பேட்டரிக்கு மேல் ஆயிற்றே! புதுக் கேமராவும் போடச் சொன்னார். அதன் பிறகு ரிவர்ஸ் போட்டால், கடை வாசலில் படுத்திருந்த நாயின் காது மடிப்பு வரை தெரிந்தது. தசரதனுக்கு உலகமே வெளிச்சமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பொன்னியம்மாளை ஏற்றி உட்காரவைத்துக் காட்டினார்.

"அம்மாடி, இம்மாம் பெருசா!" என்று வாயைப் பிளந்தவள், உடனே குரலைத் தாழ்த்தினாள். "தெருவே பாக்கப்போவுது. சும்மா வுடக்கூடாது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பொன்னியம்மாள் பூஜையை முடித்துவிட்டு, ஆள்காட்டி விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டே வாசலிலிருந்து வந்தாள். பம்பரில் இப்போது மூன்று எலுமிச்சம்பழம். தசரதன் விசிலடித்துக்கொண்டே ஏறி, ரிவர்ஸ் போட்டார்.

இருட்டு.

டமார்.

"தசரதன்," என்றார் ஞானையா சார், மிக மெதுவாக.

கதிரேசன் இந்த முறை லேப்டாப்பைச் செருகி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

"சிக்னல் வருது. ஆனா படம் இருட்டா வருது. சூடு சார். கம்ப்யூட்டர் புதுசு, வண்டி பழசு. கரன்ட் ஒத்துக்கல, கேமரா மறுபடி எரியுது. சாஃப்ட்வேர் ஏத்திட்டா அடங்கிடும்."

ஏற்றினான். இருட்டு அடங்கவில்லை. ஸ்க்ரீன் மட்டும் சீன மொழிக்கு மாறிவிட்டது. ஏ.சி.யைக் குறைக்கும் பொத்தான் அந்த எழுத்துக்களுக்கு நடுவே எங்கோ ஒளிந்துகொண்டது. இதைச் சரிசெய்ய வேறொருவரைக் கேட்கவேண்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று கதிரேசன் கையை விரித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமையோ குமரேசன் குடும்பத்தைக் குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போவதாகத் தசரதன் வாக்குக் கொடுத்திருந்தார். பின்வாங்கினால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவான். தெருமுனை வரை பொன்னியம்மாள் பின்னால் நின்று, "வா, வா, வா, ஐயோ நில்லு!" என்று கத்தி வண்டியை வெளியே எடுத்தாகிவிட்டது. ஞானையா சார் கேட்டுக்கு முன்னால் காவல் நின்றார்.

உள்ளே ஊட்டி. நடு வெயிலில் குமரேசன் பெண்டாட்டி புடவைத் தலைப்பைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டாள். ஒரு சீனப் பெண் குரல் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஏதோ கோபமாகச் சொன்னது.

"இன்னா மாமா சொல்லுது?" என்றான் குமரேசன்.

"நேரா போவச் சொல்லுது."

நேராகப் போகச் சொல்லவில்லை. ஏ.சி. சார்ஜையெல்லாம் குடித்துவிட்டது என்று எச்சரித்திருக்கிறது. மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி மூச்சை விட்டது. திரும்பி வரும்போது கார் ஒரு லாரியின் முதுகில் வந்தது. முன்சீட்டில் தசரதன் கழுத்து பெல்ட்டோடு உட்கார்ந்திருக்கும் காட்சியைக் குமரேசன் படமெடுத்து, குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டான்.

"எரியுது எரியுதுன்றான் கடைக்காரன். நெஜமாவே பத்திக்கினா?" பொன்னியம்மாள் அழுதாள். "தாலி பிச்சை கேக்கறேன், வித்துடுய்யா."

தசரதன் அன்று சோறு சாப்பிடவில்லை. ஆறு வருஷமாகத் தன் கையால் துடைத்த வண்டி. ஆனாலும் அவள் அழுகைக்கு முன்னால் என்ன செய்வது?

திங்கட்கிழமை காலையில் ஞானையா சாரே வந்தார்.

"விக்கப் போறீங்களாமே? நானே எடுத்துக்கறேன். புது கேட் போடுறதைவிட இது லாபம்."

"சார், மனசாட்சிக்கு விரோதமா நான் விக்கமாட்டேன். கேமரா எரியுது சார்."

"நான் கழுத்தைத் திருப்புவேன்," என்றார் ஞானையா சார்.

அவர் கேட்ட விலைக்கே தசரதன் வண்டியைக் கொடுத்தார். எலுமிச்சம்பழங்களை மட்டும் பொன்னியம்மாள் கழற்றி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, ஞானையா சார் வீட்டுக்குள்ளிருந்து கார் பின்பக்கமாக வெளியே வந்தது. இப்போது குறி தசரதன் வீட்டு கேட். பல் தேய்த்துக்கொண்டிருந்த தசரதன் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடிப்போய், இரண்டு கைகளையும் விரித்து கேட்டை மறைத்துக்கொண்டு நின்றார்.

கார் ஒரு முழம் தள்ளி, பூப்போல நின்றது. ஞானையா சார் கண்ணாடியை இறக்கினார். கழுத்தைத் திருப்பவே இல்லை.

"பயப்படாதீங்க தசரதன். உங்க பனியன்ல இருக்கிற ஓட்டை வரைக்கும் ஸ்க்ரீன்ல தெரியுது."

தசரதன் விரித்த கைகளை இறக்கினார். "ஸ்க்ரீன்ல தெரியுதா? எந்தக் கடையில சார் குடுத்தீங்க?"

"கடையா? சீன மொழியை மட்டும் என் பையன் மெர்வின் ரெண்டு தட்டுத் தட்டி மாத்தினான். வேற ஒண்ணும் செய்யலையே."

சத்தம் கேட்டுப் பொன்னியம்மாளும் வாசலுக்கு வந்தாள். ஞானையா சார் மனைவி புஷ்பம் கையில் ஈரத்துணியோடு காரைச் சுற்றிக்கொண்டு வந்து, தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னாள்:

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டிக்குப் பின்னாடி சின்னதா கண்ணு மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அது மேல நீங்க வெச்சிருந்த திருஷ்டி மையைத் தொடச்சுட்டேன். எங்க வீட்டுல அந்த வழக்கம் இல்ல, பாருங்க."