மணிலாப் பயிரும் என் இரண்டு கண்களும்

மனப்பாடம் செய்யும் திறமை இருந்ததால்தான் நான் வாழ்க்கையில் உயரமான இடத்துக்குப் போகவில்லை. (உயரம் என்றால் நிஜ உயரம். மண்வெட்டும் ராட்சத இயந்திரத்தின் மேல் இருந்த ஆப்பரேட்டர் சீட்.)

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் வாரிக்கொண்டிருந்தேன். இயந்திரம் ஓட்டத் தேர்வானால் பர்மனென்ட். கண் பரிசோதனை மட்டும்தான் பாக்கி.

அது விசித்திரமான பரிசோதனை. ஒரு தாளைப் படிக்க வேண்டும். மூக்குக்கும் தாளுக்கும் நடுவே டாக்டர் ஒரு ஸ்கேலை நெட்டுக்குத்தாகப் பிடிப்பார். இடக்கண்ணுக்கு மறையும் எழுத்தை வலக்கண் பார்க்க வேண்டும், வலக்கண்ணுக்கு மறைவதை இடக்கண். இரண்டும் ஒத்துழைத்தால் தடங்கல் வராது. ஒன்று சும்மா இருந்தால் நடுவில் திக்கும்.

எனக்கு முன்னால் இரண்டு பேர் திக்கித் திரும்பினார்கள். அடுத்துப் படித்துவிட்டு வெளியே வந்த கூட்டாளி ஏழுமலையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடா குடுத்தாங்க?"

"மணிலா பயிர் வைக்கிறத பத்திடா. எல்லாருக்கும் ஒரே தாள்தான்."

நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மணிலா என்போம். அவன் இரண்டு வரி சொன்னான். பின்னால் வந்தவர்களும் ஆளுக்கு இரண்டு வரி சொன்னார்கள். எல்லாவற்றையும் கோத்து உருப்போட்டுவிட்டேன்.

"தலைய ஆட்டாம படிப்பா" என்றார் டாக்டர்.

"மணிலாவுக்கு மணற்பாங்கான நிலம் ஏற்றது..." என்று பிடித்தேன் வேகம். டாக்டர் ஸ்கேலை எடுத்துவிட்டு, தாளை உள்ளங்கையால் மூடினார். தலையைத்தான் ஆட்டக்கூடாதே! அந்தக் கையையே முறைத்தபடி, களை எடுப்பது வரை படித்து முடித்தேன்.

"என் பொறங்கையில இவ்ளோ எழுதியிருக்கா?" என்றார்.

வேறு தாள் கொடுத்தார். ஸ்கேலோடு ஓர் எழுத்துகூடத் திக்காமல் படித்தேன்.

"கண்ணு ரெண்டும் நல்லாத்தான் ஒத்துப்போகுது. ஆனா பாக்காமலே வேலை செய்யிற ஆளை மிஷின்ல ஏத்த முடியாது. கீழ ஆளுங்க நிப்பாங்க."

அவர் சொன்னது நியாயம். அதனாலேயே அழுகை வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எங்கள் ஊர் முத்தாண்டிக்குப்பம் வரை நடந்தேன்.

சில வருடம் கழித்து, சுரங்கத்திலேயே வருகைப்பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் பர்மனென்ட் ஆனேன். பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அண்ணன், அன்று கண் பரிசோதனையில் எனக்கு இரண்டு வரி சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர்! கூச்சத்தில் தரையைப் பார்த்தபடியே, "பொண்ண புடிச்சிருக்குங்க" என்றேன்.

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. "மொதல்ல நிமிந்து பாக்கச் சொல்லுண்ணா. பாக்காமலே ஒப்பிச்சிகினு கீறாரு."

நிமிர்ந்து பார்த்தேன். கல்யாணமும் நடந்தது. இன்றும் வீட்டில் நான் எதற்குச் சரி என்றாலும் பேத்தி கேட்கிறாள்: "தாத்தா, பாத்துட்டுத்தான் சொல்றீங்களா?"