நமுத்துப் போன உப்பு பிஸ்கட்

மூன்றாவது தட்டும் ஓவனிலிருந்து வெளியே வந்தது. கலியமூர்த்தி ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காதருகே வைத்து இரண்டாக ஒடித்தார். சத்தமே இல்லை.

"நமுத்துப் போச்சு," என்று தட்டை அப்படியே குப்பைக்கூடையில் கவிழ்த்தார்.

"வாயில போட்டுப் பாருங்களேன். எனக்கு மொறுமொறுன்னுதான் இருக்கு," என்றாள் அவர் மனைவி ஜெகதாம்பாள், மென்றபடியே.

"ஆறுதல் சொல்லாத ஜெகதா. வாயில போட்டுப் பாக்கறது திங்கறவன் வேலை. சத்தத்தைக் கேக்கறதுதான் இன்ஸ்பெக்டர் வேலை."

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் டிரம் வார்க்கும் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷமாக அவர் இன்ஸ்பெக்டர். சுத்தியலால் ஒரு தட்டு. கணீரென்றால் பாஸ், மொத்தென்றால் ரிஜெக்ட். கம்பெனியில் சோறு போட்டதும், ஃபிளாட்டில் நாலு பேரை வணக்கம் வைக்க வைத்ததும் அந்தக் காதுதான்.

போன வாரம் மாடி வீட்டு ஸ்ரீநாத், தானே சுட்ட உப்பு பிஸ்கட்டை எல்லோருக்கும் ஆசையாக நீட்டினான். கலியமூர்த்தி ஒன்றை வாங்கி ஒடித்துக் கேட்டுவிட்டு, அத்தனை பேர் எதிரிலும் "ரிஜெக்ட்" என்றார். ஸ்ரீநாத்தின் மனைவி நிவேதிதாவுக்கு முகம் சிவந்துபோனது.

"அப்ப ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு நீங்களே சுட்டுக் கொண்டாங்க அங்கிள். பாத்துக் கத்துக்கறோம்."

இன்று அந்த ஞாயிறு. கூட்டம் மாலையில். வெறுங்கையோடு போனால் அந்தப் பெண் சிரிப்பாள். நினைக்கும்போதே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தடிமன்தான் கோளாறு," என்று கம்பெனி வெர்னியரை எடுத்து வந்தார். பூரிக்கட்டையால் தேய்ப்பதும் அளப்பதுமாக, மேடையின் கிரானைட் புள்ளிகள் தெரியும் வரை மாவை மெலிதாக்கினார். ஓரமெல்லாம் கருகி, சமையலறை முழுக்கப் புகை. ஒடித்தார். சத்தமில்லை.

"ஆவி வெளியே போகல. முள்கரண்டி ஓட்டை பத்தாது."

பல்குத்தும் குச்சிகளை ரப்பர் பேண்டால் கட்டி, மாவை ஆத்திரம் தீரக் குத்தினார். சல்லடையாகிப் போன மாவு, எடுக்கும்போதே கிழிந்து கையோடு வந்தது. ஒட்டுப் போட்டுச் சுட்டார். ஒடித்தார். அதுவும் ஊமை.

"சென்னீர்குப்பம் கடையில மைதா வாங்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"மாவு மேல குத்தம், ஓவன் மேல குத்தம், இப்ப என் மேல குத்தம். உங்ககிட்ட மட்டும் ஒரு குத்தமும் இருக்காது." கரண்டியைத் தொட்டியில் வீசிவிட்டு ஜெகதாம்பாள் கூடத்துக்குப் போய்விட்டாள்.

அவருக்கு வெறி வந்துவிட்டது. அடிச்சூடு போதாதென்று தோசைக்கல்லை ஓவனுக்குள் திணித்து, சூட்டை முழுசாகத் திருகினார். அந்தத் தட்டு வெந்து முடிவதற்கும் ஃபியூஸ் போவதற்கும் சரியாக இருந்தது. அந்த மாடி முழுக்கக் கரண்டு இல்லை.

வியர்வை வழிய, அரை இருட்டில் நின்று ஒன்று ஒன்றாக ஒடித்தார். ஒன்றுகூடப் பேசவில்லை. இத்தனை வயதுக்கு மேல் ஒரு பிஸ்கட்டிடம் தோற்பதா என்று அழுகையே வரும்போலிருந்தது.

ஜெகதாம்பாள் கதவைத் திறக்க, பக்கத்து வீட்டு சபீனா சமையலறை வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். கோபத்தை அடக்கிக்கொண்டு நிற்பது முகத்தில் தெரிந்தது.

"கரண்டுக்குத்தானம்மா வந்த? இதோ, ஃபியூஸ் போட்டுடறேன்," என்றார் கலியமூர்த்தி, கையிலிருந்ததை ஒடித்துக்கொண்டே.

"கரண்டு கெடக்குதுண்ணே. எங்க ஊட்டுக்காரரு நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து படுத்துகினு கீறாரு. காலைலேர்ந்து நீங்க ஒடிக்கிற ஒவ்வொரு பிஸ்கட்டும் பட்டாசு கணக்கா எங்க பெட்ரூம் வரைக்கும் கேக்குது, அத்த மட்டும் கொஞ்சம் மெதுவா ஒடிங்களேன்."