செரிமானம் சாரும் நடுவே வெட்டிய கையேடும்

தனுஷ்கோடி மணலில் தொடங்கி மதுரை எல்லை வரைக்கும் மருத்துவம் பார்க்கிற எவரையும் வாய்மொழித் தேர்வில் தோற்கடிக்கக் கூடிய மனிதர் ஒருவர் உண்டு. அவர் மருத்துவர் அல்லர், நூலகர்.

மண்டபம் போகும் சாலையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு தொண்டு மருத்துவமனை. அதில் எக்ஸ்ரே அறைக்கும் மருந்தகத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஓர் அறைதான் அவருடைய ராஜ்யம். ‘நலநூலகம்: மருத்துவர், செவிலியர், நோயாளி, உடனிருப்போர் அனைவருக்கும்’ என்று வாசலில் பலகை தொங்கும். இப்படிப்பட்ட பலகைகளில் ‘அனைவருக்கும்’ என்ற சொல்லை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவர் பொருட்படுத்தினார். எல்லாருக்கும் ஒரே வரிசை. சர்க்கரை நோய் பற்றித் துண்டறிக்கை கேட்டு வந்த வலைக்காரருக்குப் பின்னால் தலைமை அறுவை மருத்துவர் கைகட்டி நின்ற காட்சியை நானே பார்த்திருக்கிறேன்.

அவருக்கென்று பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அபிராமத்துக்காரர் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. மருத்துவமனை முழுவதற்கும் அவர் ‘செரிமானம் சார்’. எதைப் படிக்க வாங்கிப் போனாலும், திருப்பித் தரும்போது, “செரிச்சதா? உங்க வார்த்தையில சொல்லுங்க” என்பார். சொல்லாவிட்டால் புத்தகத்தை வாங்கிக்கொள்ள மாட்டார். அடுத்த புத்தகமும் கிடையாது. இந்தப் பெயரை நம்பி வயிற்று உபாதைக்காரர்கள் சிலர் அவரிடம் நாக்கை நீட்டியதுண்டு. சலிக்காமல் நாக்கைப் பார்த்துவிட்டு, உரிய துண்டறிக்கையைக் கொடுத்து, மருத்துவரின் அறையைக் காட்டி அனுப்புவார்.

படிப்பதற்கும் அவர் வேளை குறித்துக் கொடுப்பார். “இந்த நாலு பக்கம் காலையில, சாப்பாட்டுக்குப் பெறகு. முன்னாடி படிச்சா இட்லி எறங்காது” என்பார். கைப்பேசியில் பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ளத் தடை உண்டு. படம் எடுத்தவன் படித்ததாகச் சரித்திரமே இல்லை என்பது அவருடைய கட்சி. நகலெடுக்கும் இயந்திரமோ உப்புக் காற்றில் துருப்பிடித்து, துண்டறிக்கை அடுக்கும் மேசையாகப் பணி மாறியிருந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பழைய நாள்காட்டிப் படத்தாலே அட்டை போட்டிருப்பார். பக்கத்தின் மூலையை மடித்தவர்களை, சிசுவின் காதைத் திருகியவர்களைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

ஒருமுறை அந்த அறுவை மருத்துவர் ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் திருப்பித் தந்தார். வரிசையில் அவருக்கு அடுத்து ஏர்வாடிப் பக்கத்து அம்மாள் ஒருவர் நின்றிருந்தார்.

“இந்த அம்மாவுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க சார்” என்றார் நூலகர்.

மருத்துவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதாவதும்மா, பெரிட்டோனியத்துல இன்ஃப்ளமேஷன் வந்து...”

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு நூலகரிடம் திரும்பி, “தம்பி நல்லாப் படிச்சிட்டு நாளைக்கு வரட்டும். என்னோடதப் பாருங்க” என்றார்.

இவ்வளவு கெடுபிடியும் அவருக்குப் பிறவியில் வந்ததன்று. அவரே செய்த ஒரு பிழையிலிருந்து வந்தது. பணியில் சேர்ந்த புதிதில், அறுவை சிகிச்சைக்கு வருவோருக்கான துண்டறிக்கையை எளிமைப்படுத்தும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். ‘ஆறு மணி நேரத்துக்கு முன்பிருந்து திட உணவு உட்கொள்ளலாகாது’ என்ற வறட்டு வாக்கியத்தை அடித்துவிட்டு, மக்கள் மொழியில், ‘சிகிச்சை நாளன்று விரதம் இருந்து வரவும்’ என்று எழுதினார். தன் வாக்கியத்தைத் தானே மெச்சிக்கொண்டதாகவும் கேள்வி. அடக்கம் அவரிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

சிகிச்சை நாளும் வந்தது. உத்தரகோசமங்கையிலிருந்து வந்த விவசாயி, “சோறு கையில தொடல சார். விரதம்னா பலகாரந்தான? இட்லியும் ஒரு வடையும்” என்றார். ஏர்வாடிக்காரர், “விடியறதுக்கு முன்னாடி சஹர் நேரத்துல வயிறு நெறையச் சாப்பிட்டதுதான். அதுக்கப்புறம் எச்சிகூட முழுங்கல” என்றார். தங்கச்சிமடத்து மீனவர் நெஞ்சில் கை வைத்து, “மாதா மேல சத்தியமா கறி தொடல சார். மீனு மட்டுந்தேன்” என்றார். மூவரும் அவரவர் விரதத்தைத் துளியும் பிசகாமல் காத்திருந்தார்கள். அன்றைய அறுவை அரங்கில் கத்தியும் விரதம் இருந்தது.

மருத்துவர்கள் நோயாளிகளைக் கடிந்துகொண்டார்கள். நூலகர் மட்டும், “அவுக சரியாத்தான் செஞ்சிருக்காக. நாந்தான் கேக்காம விட்டுட்டேன்” என்றாராம். அன்றுமுதல் எதையும் வாசகரின் வாயால் திரும்பச் சொல்லக் கேட்காமல் விடுவதில்லை என்று அவர் வைராக்கியம் கொண்டார். புதிதாக எழுதும் ஒவ்வொரு துண்டறிக்கையையும் கடற்கரைக்கு எடுத்துப்போய், கருவாடு காயப்போடும் பெண்களிடம் படித்துக்காட்டி, திரும்பச் சொல்லச் சொல்லுவார். ‘உப்பைக் குறையுங்கள்’ என்ற இரத்தக்கொதிப்பு அறிக்கைக்கு அங்கே கிடைத்த மதிப்புரை இது: “ஏன்யா, உப்பக் கொறச்சா கருவாடு நாறும். எம் பொழப்புல மண்ணப் போடத்தான் பேப்பர் அடிச்சுக்கிட்டு வந்தியா?” மறுபதிப்பில், கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அளவாகச் சேர்க்கலாம் என்று ஒரு வரி கூடியிருந்தது.

அவருக்கு இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் என்ன படிக்கிறார் என்பதை இன்னொருவரிடம் சொல்ல மாட்டார். கணவன் மனைவி ஆனாலும் சரி. துருவிக் கேட்டால் ஒரே பதில்தான்.

“எம் மருமக என்னத்த வாங்கிட்டுப் போனா?”

“கொசு ஒழிப்பு, ஆச்சி.”

“எம் மகன்?”

“அவரும் கொசு ஒழிப்புத்தான்.”

“அடுத்த வீட்டுக்காரி?”

“ஊருல கொசு சாஸ்தி ஆச்சி.”

இந்தக் கொசுவின் பொருளை நான் பிற்பாடுதான் அறிந்தேன். முதன்முதலாக அந்த அறைக்குள் நான் நுழைந்தபோது என் மனைவி மங்களம் அங்கே உள்நோயாளியாக இருந்தாள். நோயின் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. இனிக் குணமாகாது என்று மருத்துவர் என்னிடம் தனியே சொன்னார். அதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று நான் அவரிடம் தனியே சொன்னேன். மதுரையில் பெரிய மருத்துவமனை ஒன்றில் இடம் கேட்டு வைத்திருந்தேன். ‘ஒரு சின்னப் பரிசோதனை’ என்று அவளிடம் கூறியிருந்தேன். அங்கே போனால் என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாது. போகாவிட்டால் நான் எதுவும் செய்யாதவன் ஆகிவிடுவேன் என்பது மட்டும் தெரிந்தது.

பணிக்காலம் முழுவதும் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். ஆதலால் முதலில் பாடநூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் கேட்டேன். தந்தார். திருப்பித் தரும்போது ஒரு வகுப்பே எடுத்தேன்.

“செரிச்சதா சார்?”

“மனப்பாடமாகவே தெரியும்.”

“அது தெரியுது சார்” என்றார்.

அதன் பிறகு, வேறு யாரும் வரிசையில் இல்லாத ஒரு பிற்பகலில், வீட்டிலேயே கடைசி நாட்களைக் கழிப்போருக்கும் உடனிருப்போருக்கும் உரிய கையேடு ஒன்று அலமாரியில் இருந்ததே என்று கேட்டேன். மதுரை என்று முடிவு செய்தவன்தான் அதையும் கேட்டேன். “நாளைக்கு வாங்க சார்” என்றார். மறுநாள் அவர் நீட்டியது பாதிக் கையேடு. முதுகோடு சேர்த்து நட்டநடுவே வெட்டி, ஓரத்தை நூலால் தைத்து, புது அட்டை போட்டிருந்தார். அட்டையில் ஒரு படகின் பின்பாதி தெரிந்தது.

“முன்பாதி எங்கே?”

“வேற வாசகர்கிட்ட இருக்கு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல கேட்டா நான் என்ன செய்ய? இருக்கது ஒரு புத்தகம். படிச்சிட்டு மாத்திக்கிரலாம்.”

பக்கத்தின் மூலையை மடித்தால் முகம் சுளிக்கும் மனிதர் புத்தகத்தையே வெட்டியிருந்தார். எனக்கு அது ஏறக்குறைய ஒரு கொலையாகப் பட்டது. பிற்பகல்தோறும் வார்டுகளுக்குள் அவர் புத்தகத் தள்ளுவண்டி கொண்டு வருவது நினைவுக்கு வரவே, கிளம்பும்போது பேச்சோடு பேச்சாக, “மங்களம் ஏதாவது எடுத்தாளா?” என்று கேட்டேன்.

“கொசு ஒழிப்பு, சார்.”

நிம்மதியாகப் போனேன்.

என் பாதியைப் பிளாஸ்க் வைக்கும் பையில் துண்டுக்கு அடியில் ஒளித்து வைத்து, மங்களம் கண்ணயரும் வேளைகளில் படித்தேன். முதற்பக்கத்தின் முதல் வரி இப்படித் தொடங்கியது: ‘என்று அவரிடமே கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். நீங்களாகப் பதில் சொல்லிவிடாதீர்கள்.’ எதைக் கேட்பது? ஒரு சமன்பாட்டின் இடப்பக்கத்தை மறைத்துவிட்டு, வலப்பக்கத்தைக் கொண்டு சமன் செய்யச் சொன்னது போலிருந்தது. பொறுக்க மாட்டாமல் நூலகரிடமே போய், வெட்டுப்பட்ட வாக்கியத்தின் முன்பகுதி என்ன என்று கேட்டேன்.

“அத அந்த வாசகர்கிட்டத்தான் கேக்கணும் சார்.”

“யார் அவர்?”

“கொசுவப் பத்தி ஏதாவது வேணுமா சார்?”

அன்றைக்கே மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. இடம் காலியாகிவிட்டது, மறுநாள் காலை ஆம்புலன்ஸ். மங்களம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். “நாளைக்கு மதுரைக்குப் போறோம்” என்றேன். அவள் டம்ளரை வைத்தாள்.

“அந்த பிளாஸ்க் பையில என்ன இருக்கு?”

“துண்டு.”

“துண்டுக்கு எதுக்குப் படகுப் படம் போட்ட அட்டை?” என்று கேட்டுவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பாதிக் கையேட்டை எடுத்து மடியில் வைத்தாள். அட்டையில் படகின் முன்பாதி. “இதுக்குப் பின்பக்கம் அங்கன இருக்குன்னு ரெண்டு நாளாப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“நீ கொசு ஒழிப்பு படிக்கிறதா அவர் சொன்னாரே.”

“உங்களையும் அப்படித்தான் சொன்னாரு. ஒரு கொசுவலையக் கட்டத் தெரியாத மனுசன் கொசுவப் பத்திப் படிக்கிறாராக்கும்னு நெனச்சேன்.”

நாங்கள் இருவரும் சிரித்தோம். செவிலியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் அளவுக்குச் சிரித்தோம். பிறகு அவள், “உங்க பாதி எங்கன ஆரம்பிக்குது?” என்றாள்.

படித்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பாதியின் கடைசி வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். “‘எங்கே இருக்க விரும்புகிறார், யார் அருகில் இருக்க வேண்டும், எதற்கு அஞ்சுகிறார்.’” புத்தகத்தை மூடினாள். “ம், கேளுங்க.”

கேட்டேன். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, மாணவர்கள் வாய் திறக்கும் முன்பே விடையையும் சொல்லிப் பழகியவன் நான். அன்று காத்திருந்தேன்.

“மதுரைக்கு வரல. வீட்டுக்குப் போறேன்” என்றாள். “நீங்க கூட இருந்தாப் போதும். பயம்னா, வலி ஒண்ணுதான். அதுக்கு மருந்து உண்டாம். எப்படிக் குடுக்கணும்னு உங்க பாதியில இருக்கும், பாருங்க.”

இருந்தது.

மறுநாள் ஆம்புலன்ஸ் எங்கள் வீட்டுக்குத்தான் போனது. மருத்துவமனையின் செவிலியர் ஒருவர் வந்து பார்த்துக்கொண்டார். மற்றதெல்லாம் கையேட்டின்படி. படுக்கையில் ஒருக்களித்துத் திருப்புவது, வாயை ஈரமாக வைத்திருப்பது, பேசாமல் அருகில் உட்கார்ந்திருப்பது என்று ஒவ்வொன்றையும் மங்களம் என்னைப் படிக்க வைத்து, திரும்பச் சொல்ல வைத்து, செய்துகாட்டவும் வைத்தாள். சரியாகச் செய்தால், “செரிச்சிருச்சு” என்று சான்று வழங்குவாள். கடைசியாக ஒன்று மட்டும் எனக்கு வரவேயில்லை. கொசுவலையை அவள் சொல்லச் சொல்லக் கட்டியும், ஒரு மூலை தொங்கிக்கொண்டே இருந்தது. மார்கழித் திருவாதிரைக்குச் சில நாட்கள் முன்பு, காலை வெயில் ஜன்னல் வழியே அவள் கட்டிலுக்கு வந்த வேளையில், அவள் போய்விட்டாள். வலி இருக்கவில்லை. நான் அருகில் இருந்தேன்.

பல வாரங்கள் கழித்து இரண்டு பாதிகளையும் ஒன்றாக வைத்து ஊசி நூலால் தைத்தேன். படகு முழுதாயிற்று. அதை எடுத்துக்கொண்டு நலநூலகத்தின் வரிசையில் போய் நின்றேன். செரிமானம் சார் என் தையலை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு நூலகருக்கு அந்தத் தையல் உவப்பாக இருந்திருக்க முடியாது.

“வேண்டுமென்றேதான் அந்த வாக்கியத்தில் வெட்டினீர்களா?” என்று கேட்டேன்.

“நடுப்பக்கம் அங்கனதான சார் வருது” என்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எல்லாரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார். “செரிச்சதா சார்? உங்க வார்த்தையில சொல்லுங்க.”

வாய் திறந்தேன். மேடைக்கும் வகுப்புக்கும் ஒருநாளும் சொல் பஞ்சம் வந்ததில்லை எனக்கு. அன்று ஒரு சொல்லும் வரவில்லை. வரிசை எனக்குப் பின்னால் நீண்டுகொண்டிருந்தது. அவர் தவணையை நீட்டித்து முத்திரை குத்தி, கையேட்டை என் பக்கமே நகர்த்தினார்.

“இருக்கட்டும் சார். அவசரமில்ல. புதுசா அச்சடிச்சு வந்திருக்கு. சொல்ல வரும்போது வாங்க.”

நான் திரும்பி நடக்கையில், வரிசையில் நின்ற ஒருவர், “சாருக்கு என்ன?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“கொசு ஒழிப்பு” என்றார் செரிமானம் சார்.

அவருடைய மேசையில் இந்தப் பத்திரிகை வாராவாரம் கிடக்கும் என்பதை அறிந்தே இதை எழுதினேன். எனக்குச் செரித்தது இவ்வளவுதான் சார். என் வார்த்தையில் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை புத்தகத்தோடு வருகிறேன். வரிசையில்தான் நிற்பேன்.